மிச்சம் பிடித்த பெற்றோல்

பெற்றோல் நிலையத்தில் நான் எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் நிற்பவன். பம்ப் தானாக நின்ற பிறகும் குழாயை உயர்த்தி, உதறி, அதற்குள் தங்கியிருக்கும் கடைசித் துளிகளையும் தாங்கிக்குள் விழுத்திவிட்டுத்தான் மூடியைப் பூட்டுவேன். பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடித்தாலும் கவலையில்லை. கனடாவுக்கு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது, இந்தப் பழக்கம் போகவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என்னுடைய பழக்கம் சுடுகாடுவரை பொறுத்திருக்கவில்லை. போன கோடையில் இன்னொரு மனிதரின் காரைத் தின்றுவிட்டது. அதை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

அந்த மனிதரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கூடப்பிறந்தவர் அல்ல. அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். தீவுப்பகுதிக் கத்தோலிக்கர். எண்பதுகளில் வந்து, பார்க்டேலில் ஓர் அப்பார்ட்மென்றில் ஏழெட்டுப் பேரோடு நெருக்கியடித்து இருந்து, பிறகு மனைவியைக் கூப்பிட்டு, மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்கியே பிள்ளைகளை ஆளாக்கியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசகம் வாசிப்பவரும் அவர்தான். அவர் வாயில் பொய் வராது என்று எங்கள் ஆட்களிடையே ஒரு பெயர் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு, எல்லோரும் மூட்டுவலிக்குத் தைலம் வாங்கும் வயதில், அண்ணை ஒரு கார் வாங்கினார். நூறு வயது தாண்டிய கார். எங்கோ ஒரு பண்ணைக் கொட்டிலில் வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. துணிக் கூரை, மரக் கம்பிச் சில்லுகள், முன்னால் கைப்பிடி செருகிச் சுற்றிக் கிளப்புகிற நான்கு சிலிண்டர் எஞ்சின். அதைச் செய்த கம்பனி என் தகப்பனார் பிறப்பதற்கு முன்பே இழுத்து மூடப்பட்டுவிட்டது. அண்ணை பத்து வருடமாக அதைத் தன் கராஜுக்குள் வைத்து, ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, துருப்போக்கி, பூட்டிக்கொண்டிருந்தார். பைத்தியம் என்று சிலர் சொன்னார்கள். நானும் சொன்னேன், ஆனால் சனிக்கிழமைகளில் போய் ஸ்பனர் எடுத்துக்கொடுத்துக்கொண்டே சொன்னேன்.

அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. அவருடைய மனைவியை, நான் அக்கா என்று கூப்பிடுபவரை, அந்தக் காரில் இருத்தி, தானே ஓட்டிக்கொண்டு, அவர்கள் முதன்முதல் குடியிருந்த பார்க்டேல் கட்டடத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அந்தக் கட்டடத்திலிருந்து முதல் மாரியில் அக்கா செருப்போடு பனிக்குள் இறங்கி வேலைக்குப் போனவர். அதை அண்ணை மறக்கவில்லை. அவ்வளவுதான் ஆசை. ஆனால் அதற்கு ஒரு தவணை வந்துவிட்டது. அவருடைய கண்ணின் நடுவில் ஒரு மூட்டம் விழத் தொடங்கியிருந்தது. இந்தக் கோடை பகல் வெளிச்சத்தில் ஓடலாம், ஆனால் எண்பதாவது பிறந்தநாளோடு லைசென்ஸ் புதுப்பிக்கிற கண் பரிசோதனையில் பாஸ் பண்ணமாட்டீர்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பிறந்தநாள் இலையுதிர் காலத்தில். ஆகவே ஓடுவதென்றால் இந்தக் கோடைதான், வேறு கோடை இல்லை.

காரில் மிஞ்சியிருந்த ஒரே குறை காபரேற்றர். எஞ்சினுக்குள் போகும் காற்றோடு பெற்றோலை அளவாகக் கலந்துகொடுக்கும் பகுதி அது. பெற்றோல் கூடினால் கறுப்புப் புகை தள்ளும், தீப்பொறி தரும் பிளக் கரி பிடிக்கும். குறைந்தால் எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பழைய காபரேற்றர் ஏதோ மலிவான உலோகத்தில் வார்த்தது, கையிலெடுத்தால் காய்ந்த சுண்ணாம்புபோல உதிர்ந்தது. அண்ணையின் மகள் இணையத்தில் தேடி, வேறொரு பழைய காரின் காபரேற்றர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். கொஞ்சம் மாற்றினால் பொருந்தும். அண்ணை ஓடர் பண்ணத் தயாராக இருந்தார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"உதை ஏன் அண்ணை வாங்கிறியள்? நான் செய்து தாறன்."

"உமக்கேலுமே தம்பி?"

"மண்ணெண்ணெயிலை கார் ஓடின ஆக்கள் நாங்கள். உது ஒரு வேலையே?"

தவளையும் தன் வாயால் கெடும். எங்கள் ஆட்கள் நான்கு பேர் கூடினால் இந்த மண்ணெண்ணெய்க் கதை வந்தே தீரும். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவதில்லை. பழைய கார்களையும் மோட்டார்சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கிளப்புவதற்கு மட்டும் சொட்டுப் பெற்றோல் வேண்டும். ஆஸ்பத்திரியில் எறிந்த சேலைன் போத்தலில் அதை ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டு, குழாயின் சிறு சில்லைத் திருகித் துளித்துளியாக விடுவோம். எஞ்சின் சூடேறியதும் பெற்றோலை நிறுத்தி மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். ஒரு துளி கூடுதலாக விட்டவன் மடையன், ஒரு துளி குறைத்துக் கிளப்பியவன் வீரன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. என் கை அந்தச் சில்லைத் திருகிப் பழகிய கை.

மிசிசாகாவில் நான் வேலைசெய்யும் இடம் ஒரு மெஷின் ஷொப். விமானங்களுக்கும் லொறிகளுக்கும் உதிரிப்பாகம் கடைகிறோம். சுப்பவைசரிடம் கேட்டு, வேலை முடிந்த பிறகு ஒரு பித்தளைத் துண்டை எடுத்துக் கடைந்தேன். என் வீட்டுக் கராஜில் ஒரு சோதனை மேசை போட்டேன். பெற்றோல் மட்டம் தெரிவதற்காக ஜாம் போத்தல் ஒன்றைத் தொட்டியாக வைத்தேன். எஞ்சின் காற்றை இழுப்பதுபோல இழுக்க, வீட்டுத் தூசி உறிஞ்சும் மெஷினை ஒரு குழாயோடு பொருத்தினேன். முதலில் தண்ணீரை விட்டுத்தான் பார்த்தேன். பெற்றோல் ஆவியை மெஷினுக்குள் இழுத்துத் தீப்பிடிக்க நான் அவ்வளவு மடையன் அல்ல. அளப்பதற்கு ஒரு காய்ச்சல் மருந்துச் சிறிஞ். என் மனைவி கதவருகில் வந்து நின்று பார்த்தாள்.

"என்ரை வக்கூமும் போச்சோ?"

"ஒரு நல்ல காரியத்துக்குத்தானே."

"உங்கடை வாய்க்கும் ஒரு வால்வு கடைஞ்சு பூட்டுங்கோ, அது அதைவிட நல்ல காரியம்."

முதலாவது காபரேற்றர் பெற்றோலை ஒழுகவிட்டது. இரண்டாவதைக் காரில் பூட்டி எஞ்சினைக் கிளப்பியபோது, வசந்தகாலக் குளிரில் அதன் கழுத்தைச் சுற்றி வெண்பனி பூத்து, உள்ளே ஐஸ் கட்டி எஞ்சின் நின்றுபோனது. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயைச் சூடாக்கப் புகைக்குழாயைச் சுற்றிச் செப்புக்குழாய் ஓட்டுவோம். அதை நினைத்து, புகைக்குழாயின்மேல் ஒரு தகட்டு உறை போட்டு, சூடான காற்றைக் காபரேற்றருக்கு இழுத்தேன். பனி போனது. உண்மையைச் சொன்னால், அது நல்ல யோசனைதான். அந்த ஒரு யோசனை சரிவந்தது, எனக்குத் தலை கனத்துவிட்டது. மூன்றாவது காபரேற்றருக்குக் கூரான ஊசி ஒன்று வைத்தேன். ஊசியின் தலையைத் திருகினால் பெற்றோலைக் கூட்டலாம், குறைக்கலாம். பித்தளையை மினுக்கி அண்ணையின் காரில் பூட்டிய அன்று படம் எடுத்து வட்சப்பில் போட்டேன். யாழ்ப்பாண மூளை என்று முப்பது பேர் பாராட்டினார்கள்.

சோதனை ஓட்டங்களை அண்ணையின் தெருவில் செய்தோம். அண்ணை ஓட்டுவார். நான் பக்கத்தில் இருந்து எஞ்சினைக் கேட்பேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு லீற்றர் போத்தலில் பெற்றோல் ஊற்றி, ஒரே தூரம் ஓடி எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தேன். இப்படிப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வருடத்தில் நாலு தரம் ஓடப்போகிற காருக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. ஆனால் போத்தல் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் எனக்குள் ஒரு குளிர்ச்சி. ஊசியை இன்னும் அரைவாசித் திருகல் இறுக்குவேன். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம்.

எஞ்சின் இடைக்கிடை காபரேற்றர் வழியாகத் திருப்பித் துப்பத் தொடங்கியது. இருமுவது மாதிரிச் சத்தம். பெற்றோல் காணாத எஞ்சின் அப்படித்தான் இருமும்.

"தம்பி, எனக்கு இது கொஞ்சம் பசியோடை ஓடுற மாதிரிக் கிடக்கு," என்றார் அண்ணை.

"குளிர் காத்து அண்ணை. சூடேற இருமல் நிக்கும்."

சூடேறியும் நிற்கவில்லை. கனடாப் பெற்றோலில் அற்ககோல் கலப்பது என்றேன். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மக்னீற்றோ பழசு என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அண்ணை ஒருநாள் நான் பார்க்காத நேரம் ஊசியைக் கொஞ்சம் திறந்துவைத்தார். கார் அன்று இருமாமல் ஓடியது, ஏற்றத்தில் நன்றாக இழுத்தது. நான் புகைக்குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். விரலில் மெல்லிய கரி. வீண் செலவு என்று எனக்குள் ஒரு சினம். அவர் வீட்டுக்குள் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரம் ஊசியைத் திரும்ப இறுக்கினேன். இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். நான்கும் வெள்ளை. பால் வெள்ளை. மண்ணெண்ணெய்க் காலத்தில் ஒவ்வொரு நாளும் காலையில் கரி பிடித்த பிளக்கைச் சுரண்டியே என் நகமெல்லாம் கறுத்திருந்தது. கறுப்புப் பிளக் என்றால் நடுத்தெருவில் நிற்கவேண்டும். அந்த நாட்களில் ஒரு வெள்ளைப் பிளக்கைக் கண்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ஆகவே அண்ணையின் கராஜில் அந்த நான்கு வெள்ளைப் பிளக்குகளையும் உள்ளங்கையில் வைத்து, பிள்ளையின் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணை மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"உது சரியான வெள்ளையெல்லே? புத்தகத்திலை பிஸ்கற் நிறமா இருக்கோணும் எண்டு போட்டிருக்கு. வெள்ளையெண்டால் சூடு கூடவாம்."

"அந்தப் புத்தகம் எழுதினவன் மண்ணெண்ணெயிலை கார் ஓடினவனே அண்ணை?"

அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் பிளக்கைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றுவிட்டு, "நீர் சொன்னால் சரி," என்றார். அந்த நம்பிக்கையை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து வந்ததும் பயணம். அக்கா மரகதப் பச்சைச் சேலை கட்டி, காற்றுக்குத் தலையில் ஒரு துணியும் சுற்றியிருந்தார். ஸ்ரியறிங்கில் ஒரு செபமாலையைச் சுற்றிவிட்டார். என் மனைவி தன் பங்குக்கு நாலு தேசிக்காயைச் சில்லுகளுக்குக் கீழே வைத்தாள். அண்ணை சேர்ட்டுக்குமேல் கோட் போட்டிருந்தார். நான் கைப்பிடியைச் சுற்றினேன், முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். அண்ணையின் மகளின் வானும் என் மனைவி ஓட்டிய எங்கள் காரும் பின்னால் வந்தன.

நானூறாம் இலக்க வரிசை விரைவுச்சாலைகளில் அந்தக் கார் ஏறமுடியாது, ஆகவே உள்வீதிகளாலேயே போனோம். எல்ஸ்மியர் வழியே மேற்கே, பிறகு யோர்க் மில்ஸ். சிவப்பு விளக்குகளில் நிற்கும்போது பக்கத்துக் கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிக் கை காட்டினார்கள். அக்கா முதலில் வெட்கப்பட்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் கை காட்டத் தொடங்கினார். அண்ணை அவரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். நான் பின்னால் இருந்து, இதெல்லாம் என் காபரேற்றரால் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை மறக்க முடிந்தால் நல்லது.

யோர்க் மில்ஸ் வீதி ஒரு பள்ளத்துக்குள் இறங்கும். அங்கிருந்து யங் வீதியில் தெற்கே திரும்பினால் நீளமான ஏற்றம். பாதி ஏறும்போது கார் தளர்ந்தது. காபரேற்றர் இருமியது. ஒரு வாசம் வந்தது, அடுப்பில் வெறும் தாச்சியை மறந்துபோய் விட்டால் வரும் வாசம்.

"தம்பி, இழுக்குதில்லை. ஓரமா நிப்பாட்டட்டோ?"

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கார் தப்பியிருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பின்னால் சனம் பார்த்துக்கொண்டு வருகிறது. ஏற்றத்தில் நின்றால் மானம் போய்விடும் என்று எனக்குப் பட்டது.

"நிப்பாட்டாதேங்கோ அண்ணை. பெற்றோல் லீவரை முழுக்கத் திறவுங்கோ, ஏறும்."

அவர் திறந்தார். இன்னும் இருபது யார் தூரம் ஏறியிருக்கும். உள்ளே ஓர் இரும்பு அறுந்த சத்தம். எஞ்சின் மூடியின் இரு பக்கத்தாலும் வெள்ளை ஆவி கிளம்பியது. எஞ்சின் நின்றுவிட்டது. நான் குதித்திறங்கி, கார் பின்னால் உருளாமல் சில்லுக்குக் கட்டை வைத்தேன். பின்னால் ஒரு பஸ் நின்றது. நடைபாதையில் போனவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"இஞ்சேருங்கோ, இறங்கட்டோ?"

"கொஞ்சம் இரும்," என்றார் அண்ணை. "இப்ப வெளிக்கிடும்."

வெளிக்கிடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். தூக்கும் லொறி வரும்வரை அக்கா இறங்கவில்லை. நான் மூடியைத் திறப்பதும் சாத்துவதுமாக, ஏதோ செய்கிறவன்போல நின்றேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணையின் கராஜில் எஞ்சினைத் திறந்தோம். மகளும் மருமகனும் நின்றார்கள். புகை போகும் வால்வுகள் இரண்டு ஓரம் எரிந்து, எலி கொறித்த ரொட்டி மாதிரி இருந்தன. அதைவிடப் பெரிய கேடு, வால்வு இருக்கையிலிருந்து சிலிண்டர்வரை வார்ப்பிரும்பு வெடித்திருந்தது. எஞ்சின் முழுவதும் ஒரே வார்ப்பு. அதற்கு மாற்று உலகத்தில் எங்கே இருக்கிறதோ தெரியாது. பெற்றோல் காணாமல் வெந்துபோன எஞ்சின் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. அண்ணை வெடிப்பின்மேல் விரலை வைத்து மேலும் கீழும் தடவினார்.

"அண்ணை, இது..." என்று நான் தொடங்கினேன்.

"ரேடியேற்றர் பழசு," என்றார் அவர், மகளைப் பார்த்து. "வெளிக்கிட முந்தித் தண்ணி பாத்திருக்கோணும். நான் பாக்கேல்லை. என்ரை பிழை."

தண்ணீரை அன்று காலை பார்த்தது நான். நிறைய இருந்தது. நான் ஊற்றிப் பார்த்ததை அவர் பக்கத்தில் நின்று கண்டவர். இப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். இரும்பு ஒட்டும் ஆள் ஒருவரைத் தேடிப் பிடித்துக் காட்டினேன். இந்த வார்ப்பு மெல்லியது, ஒட்டினால் இன்னும் வெடிக்கும் என்று கையை விரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஊரெல்லாம் அண்ணை தண்ணீர்க் கதையையே சொன்னார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆட்கள் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள், அவரும் தலையாட்டிக் கேட்டார். என்னைக் கண்டால், "காபரேற்றர் அந்த மாதிரித் திறமா வேலை செய்ததாமே" என்றார்கள். ஒருவர் தன் புல்வெட்டும் மெஷினுக்கு ஒன்று செய்துதரக் கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். உள்ளே செத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவும் அந்தக் கதையைத்தான் நம்பினார் என்பது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் புரிந்தது. அவர்கள் வீட்டுக்குப் போனபோது, சோறு குழைந்ததற்கு அண்ணை ஏதோ பகிடி சொன்னார். அக்கா திரும்பி, "பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடேக்கை தண்ணி பாக்கத் தெரியாத மனுசன், என்ரை சோத்திலை பிழை பிடிக்கிறார்," என்றார். பகிடிபோலத்தான் சொன்னார், ஆனால் சிரிப்பு இல்லை. நடுவீதியில் சேலையோடு இருந்த அந்த நேரம் அவருக்குள் கசந்துபோய்க் கிடந்தது. அண்ணை இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். நான் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு முன்பே விளங்கியிருந்தது.

"போய் அவையின்ரை வீட்டிலை இருந்து சொல்லுங்கோ. ரெண்டு பேருக்கும் முன்னாலை. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஒருநாள் வாசல்வரை போனேன், உள்ளே விருந்தினர் குரல் கேட்டது, திரும்பினேன். இன்னொரு நாள் மழை என்றேன். மழைக்குள் மண்ணெண்ணெய்க் காரில் சங்குப்பிட்டித் துறைவரை போனவன், குடையோடு இரண்டு தெரு நடக்கப் பயந்தேன்.

அண்ணையின் எண்பதாவது பிறந்தநாளை, அதற்கு முதல்நாளே, ஸ்காபரோவில் ஒரு பார்ட்டி ஹோலில் மத்தியானச் சாப்பாட்டோடு பிள்ளைகள் கொண்டாடினார்கள். இருநூறு பேர் இருக்கும். மறுநாளோடு லைசென்ஸ் முடிகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். உள்ளே போனதும் கண்டேன். கேக்குக்குப் பக்கத்தில், சிவப்புத் துணி விரித்து, மினுக்கிய பித்தளையில் என் காபரேற்றர். அண்ணைதான் வைக்கச் சொன்னாராம். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதைத் தொட்டுப் பார்த்து, என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

பேச்சுகள் நடந்தன. யாரோ ஒருவர், அண்ணையைப்போல எல்லாம் வல்லவர்கூட ரேடியேற்றருக்குத் தண்ணீர் விட மறப்பார் என்று சொல்ல, சபை சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. எனக்குத் தாங்கமுடியவில்லை. எழுந்து மேடைக்குப் போனேன். அண்ணையின் மகள் மைக்கைத் தந்தாள்.

"ஓகே எவ்ரிபடி, அங்கிள் வோன்ட்ஸ் டு சே சம்திங். காபரேற்றர் அங்கிள்."

"அண்ணையின்ரை ரேடியேற்றரிலை ஒரு பிழையும் இல்லை," என்றேன். "தண்ணி நிறைய இருந்தது. நான்தான் பாத்தனான். அண்ணை பிளக் வெள்ளையெண்டு சொன்னவர், நான் கேக்கேல்லை. பெற்றோல் மிச்சம் பிடிக்கிறன் எண்டு ஊசியை இறுக்கி இறுக்கி அந்த எஞ்சினை எரிச்சது நான். அண்ணை என்னைக் காப்பாத்தத்தான் தண்ணிக் கதை சொன்னவர். அவர் பெரிய மனுசன். உண்மையை எல்லாருக்கும் முன்னாலை சொல்லோணும் எண்டு நினைச்சன். சொல்லிப்போட்டன்."

 பிறகு ஒரு மூலையிலிருந்து கைதட்டல் தொடங்கிச் சபை முழுவதும் பரவியது. கீழே இறங்கும்போது என் உடம்பு லேசாக இருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு நன்றாக மூச்சு விட்டேன். ஒருவர் எழுந்துவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் மனைவி மட்டும் கையைத் தட்டாமல் முன்மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே யாரோ அண்ணையின் தோளில் கைபோட்டு, "அப்ப நீங்களும் பொய் சொல்லுவியள் எண்டு இண்டைக்குத்தான் தெரியும்," என்று பகிடி விட்டார். இன்னொருவர், இனி வாசகம் வாசிக்கும்போது யோசித்துத்தான் கேட்கவேண்டும் என்றார். எல்லோரும் அன்போடுதான் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். அவருடைய கை கேக் வெட்டும் கத்தியைப் பிடித்தபடி மேசையில் இருந்தது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், முகம் வெளிறியிருந்தது.

சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும்போது அண்ணை என் பக்கத்தில் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"உம்மடை பாரத்தை இறக்க என்ரை தலைதான் கிடைச்சுதே தம்பி?"

நான் வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தேன்.

"கார் போயிட்டுது. நாளையோடை லைசென்ஸும் போகுது. உம்மடை பேராவது மிஞ்சட்டும் எண்டு பாத்தன். அது ஒண்டுதான் என்ரை கையிலை கிடந்தது." அவர் ஒரு பிளேற்றை எடுத்து என் கையில் தந்தார். "சாப்பிடும். சாப்பிடாமல் போகாதையும்."

சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் துணிவு எனக்கு இருக்கவில்லை, இருநூறு பேருக்கு முன்னால் சொல்லும் துணிவு இருந்தது. அதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டில் யாரும் கை தட்டமாட்டார்கள்.

மத்தியானம் சாய்ந்து வெளியே வந்தபோது வாகனத் தரிப்பிடத்தில் குளிர் காற்று. அண்ணையின் மகள் வானைக் கொண்டுவரப் போயிருந்தாள். அண்ணையும் அக்காவும் வாசல் தூணருகில் நின்றார்கள். நான் அவர்களுக்குப் பின்னால், கோட்டைப் போட்டபடி, கிட்டப் போவதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன். அவர்கள் என்னைக் காணவில்லை.

அக்கா அண்ணையின் கோட் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுதிருந்தார்.

"இஞ்சேருங்கோ. மூண்டு மாசமா நான் உங்களை என்னவெல்லாம் சொல்லி ஏசிப்போட்டன். ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லேல்லையே நீங்கள். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"விடும். குளிருது. வான் வருது, ஏறும்."

இருவரும் பின்சீட்டில் ஏறிப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். வான் வீதிக்குத் திரும்பி மறைந்தது. என் மனைவி வந்து பக்கத்தில் நின்று, போவோமா என்று கேட்டாள். நான் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி நின்றேன். ஒரு பிழையும் செய்யாத மனிசி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார். மைக்கைப் பிடித்து நான் பேசிய அவ்வளவு பேச்சிலும் அந்த ஒரு சொல் இருக்கவில்லை.